அப்பத்தாவின் டிகாக்ஷனைக் கப்பலில் ஏற்றலாமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், படிக்கும் மற்றவர்களுக்கும் புரியட்டும். பள்ளத்தூரிலிருந்து ஏழு பேர் குடும்பமாகப் போகிறீர்கள். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து ராயல் கரீபியன் கப்பலில் நான்கு இரவு, நடுவில் பினாங்கு. எண்பது வயது அப்பத்தாவுக்கு வீட்டு டிகாக்ஷன் இல்லாமல் பொழுது விடியாது. ஆச்சி நன்னாரி சர்பத் காய்ச்சி வைத்திருக்கிறார். பிள்ளைகளுக்குப் பொவண்டோ. அம்மானுக்கு மட்டும் ஒரு விஸ்கி பாட்டில். "எல்லாம் கொண்டு போங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்று டிக்கெட் போட்ட ஏஜெண்ட் சொல்லியிருக்கிறார், உங்களுக்குத்தான் நம்பிக்கை வரவில்லை.

நம்பாமல் கேட்டது நல்லது. "கொண்டு போகலாமா" என்று ஒரே கேள்வியாகக் கேட்டிருந்தாலும், எது எந்த வாசலில் நிற்கும் என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. விமானத்துக்கு ஒரு வாசல், சிங்கப்பூர் சுங்கத்துக்கு ஒரு வாசல், கப்பலுக்கு ஒரு வாசல். நம் ஊர் வீட்டில் முகப்பு வரைக்கும் யாரும் வரலாம். இரண்டாங்கட்டுக்குப் போக வேறு உரிமை வேண்டும் இல்லையா, அந்தக் கணக்குத்தான். திருச்சியில் விட்டார்கள் என்பதற்காகக் கப்பலில் விட வேண்டும் என்று கிடையாது.

நான் பேசுவது எந்த அனுபவத்தில் என்று சொல்லிவிடுகிறேன். பதினான்கு வருஷம் பயணிகள் கப்பலில் வேலை பார்த்தேன். உணவுக்கூடத்தில் உதவியாளாகச் சேர்ந்து, பிறகு பார் ஸ்டோருக்குப் போனேன். பயணிகள் ஏறும் நாளில் ஸ்டோர் ஆட்களில் ஒருவரை ஸ்கேனர் பக்கம் நிறுத்துவார்கள். பிடிபட்ட பாட்டிலுக்குச் சீட்டு எழுதி, அறை எண் போட்டு, கூடையில் அடுக்குவது என் வேலை. தமிழ்க் குடும்பம் யாராவது மாட்டினால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். வேலையை விட்டு ஊருக்கு வந்து ஆறு வருஷம் ஆகிறது. விதிகளைக் கம்பெனிகள் அடிக்கடி திருத்தும். அதனால் கீழே நான் சொல்லும் எண்களைப் பயணத்துக்கு ஒரு வாரம் முன்னால் உங்கள் கம்பெனியின் இணையப் பக்கத்தில் ஒருமுறை ஒத்துப் பாருங்கள். காரணங்கள் மாறாது, எண்கள் மாறலாம்.

முதலில் அம்மான் விஷயத்தை முடித்துவிடுவோம். விஸ்கி ஏறாது. பிராந்தி, ரம், வோட்கா, பீர் எதுவும் ஏறாது. ராயல் கரீபியனில் அனுமதி உள்ளது வைன் அல்லது ஷாம்பெயின் மட்டும். குடிக்கும் வயது வந்த ஒவ்வொருவருக்கும் 750 மில்லி பாட்டில் ஒன்று, மூடி பிரிக்காததாக, ஏறும் நாளில், கைப்பையில். கைப்பையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். முனையத்து வாசலில் போர்ட்டரிடம் கொடுக்கும் பெரிய பெட்டிக்குள் பாட்டில் இருந்தால், அனுமதி உள்ள வைனாக இருந்தாலும் அந்தப் பெட்டி அறைக்கு வராது. பாதுகாப்பு அறையில் போய் உட்கார்ந்துவிடும், நீங்கள் தேடிப் போய்த் திறந்து காட்ட வேண்டும். முதல் நாள் சாயங்காலம் மாற்றுத் துணி இல்லாமல் இப்படி அலைந்தவர்கள் ஏராளம். குடிக்கும் வயது, ஆசியாவிலிருந்து கிளம்பும் அவர்களுடைய கப்பல்களில் 18. அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21.

எல்லாக் கம்பெனியும் இப்படி என்று நினைக்க வேண்டாம். டிஸ்னி கப்பலில் ஒருவர் இரண்டு வைன் பாட்டில் அல்லது ஆறு பீர் கொண்டு போகலாம், நடுவில் இறங்கும் துறைமுகத்திலும் அதே அளவு வாங்கி ஏறலாம். நார்வீஜியனில் வைனுக்கு எண்ணிக்கையே இல்லை. ஆனால் வெளியிலிருந்து கொண்டு வரும் பாட்டிலுக்கென்று, 750 மில்லி ஒன்றுக்கு 15 டாலர் கார்க் கட்டணம் வாங்கிவிடுவார்கள். கார்னிவலில் ஆளுக்கு ஒரு வைன் பாட்டில். கடுமையான சரக்கு விஷயத்தில் மட்டும் இவர்கள் எல்லாரும் ஒரே பேச்சு: கூடாது.

ஏன் இப்படி என்று அம்மான் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். நேர்மையாகச் சொன்னால் முதல் காரணம் காசு. பெரிய கப்பல் கம்பெனிகளின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டிக்கெட்டில் வருவதில்லை. ஏறிய பிறகு பாரிலும் கடையிலும் சூதாட்டக் கூடத்திலும் கரைச் சுற்றுலாவிலும் நீங்கள் செலவழிப்பதில் வருகிறது. டிக்கெட் மலிவாகக் கிடைப்பதே அந்த நம்பிக்கையில்தான். ஆனால் காசு மட்டும்தான் காரணம் என்று பயணிகள் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வைன் பாட்டில் ஐந்து கோப்பை. அதே அளவு விஸ்கி பாட்டில், 30 மில்லி பெக்காக ஊற்றினால், இருபத்தைந்து. பாரில் குடிப்பவரை ஊற்றுபவர் பார்த்துக்கொண்டிருப்பார், ஐந்தாவது பெக்கில் முகத்தைப் பார்த்தே நிறுத்திவிடுவார். அறைக்குள் பாட்டிலோடு உட்கார்ந்தவரை யார் பார்ப்பது? பால்கனி கைப்பிடி இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, அதற்குக் கீழே கடல். இராத்திரி இரண்டு மணிக்குத் தேடுதல் மணி அடித்து, எல்லா அறைக் கதவையும் தட்டித் தலை எண்ணியிருக்கிறோம் ஒருமுறை. ஆள் வேறு அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மணி நேரத்தை அனுபவித்தவன் இந்த விதியைப் பற்றி எகத்தாளம் பேச மாட்டான்.

ஒளித்துக் கொண்டுபோகும் யோசனை யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். வாய் கொப்பளிக்கும் மருந்து பாட்டிலில் பச்சைச் சாயம் கலந்த வோட்கா, ஷாம்பு டப்பாவில் ரம், மூடியின் சீல் உடையாமல் ஒட்டிய தண்ணீர் பாட்டில், மடங்கக்கூடிய பிளாஸ்டிக் பை, எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனரில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான பெட்டி பார்க்கிறார். சந்தேகம் வந்தால் மூடியைத் திறந்து முகர்வார், அவ்வளவுதான். உள்ளே சரக்கு இருந்தால் அந்தப் பாட்டிலைக் கொட்டிவிட ராயல் கரீபியன் விதியில் இடம் இருக்கிறது, மீறியவரை ஏற்றாமல் விடவும் இடம் இருக்கிறது. அம்மானுக்கு விஸ்கிதான் வேண்டுமென்றால் ஊர் திரும்பும்போது சாங்கி விமான நிலையத்தில் வாங்கட்டும். இந்தியாவுக்குள் ஆளுக்கு இரண்டு லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டு வரலாம்.

மது கலக்காத பானத்துக்கு வருகிறேன், உங்கள் வீட்டுக்கு இதுதான் முக்கியம். ராயல் கரீபியனில் ஓர் அறைக்குப் பன்னிரண்டு கேன், பாட்டில் அல்லது அட்டைப் பெட்டி வரை கொண்டு போகலாம், ஒவ்வொன்றும் 17 அவுன்ஸுக்கு மிகாமல். நம் கணக்கில் அரை லிட்டர். இதுவும் ஏறும் நாளில், கைப்பையில்தான். எனவே அரை லிட்டர் பொவண்டோ போகும், இரண்டு லிட்டர் குடும்ப பாட்டில் நிற்கும். உங்கள் ஏழு பேருக்கு மூன்று அறை என்றால் முப்பத்தாறு பாட்டில் கணக்கில் இடம் இருக்கிறது. ஆனால் அதைத் திருச்சியிலிருந்து சுமக்கும் எடைக்கு விமானத்தில் பணம் கட்ட வேண்டுமே, யோசித்துக்கொள்ளுங்கள். கோலி சோடாவை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். கண்ணாடி, உள்ளே அழுத்தம், தொழிற்சாலை மூடி கிடையாது. மூன்று குற்றமும் ஒரே பாட்டிலில்.

இதுவும் எல்லாக் கப்பலுக்கும் பொது இல்லை. 2015 ஜூலையில் கார்னிவலும் நார்வீஜியனும் ஒரு வார இடைவெளியில் விதியை இறுக்கின. தண்ணீர் பாட்டிலில் வெள்ளைச் சரக்கை ஊற்றி வருவோர் பெருகிவிட்டார்கள், ஒவ்வொரு பாட்டிலாகச் சோதிப்பதில் வரிசை நகரவில்லை என்று கார்னிவல் சொன்னது. கார்னிவலில் அன்றிலிருந்து பாட்டிலில் அடைத்த தண்ணீரும் குளிர்பானமும் கிடையாது. 12 அவுன்ஸ் கேனும் அட்டைப் பெட்டியும் மட்டும் ஆளுக்குப் பன்னிரண்டு. நார்வீஜியனில் அதுவும் இல்லை. இரண்டிலும் குழந்தைப் பாலுக்கும் மருத்துவத் தேவைக்கான காய்ச்சி வடித்த நீருக்கும் விலக்கு உண்டு.

இப்போது ஆச்சியின் நன்னாரி. இங்கே ஒரு சம்பவம் சொல்ல வேண்டும். என் பன்னிரண்டாவது வருஷமோ என்னவோ, சிங்கப்பூரில்தான். ஸ்கேனரில் இருந்த குர்க்கா அண்ணன் கை காட்டிக் கூப்பிட்டார். பெல்ட்டில் ஒரு துணிப்பை, அதற்குள் ஓர் ஈரிழைத் துண்டு, துண்டுக்குள் பாட்டில். திரையில் பார்த்தாலே தெரிந்தது, தோள் அகன்று கழுத்து குட்டையான பிராந்தி பாட்டில். லேபிளை ஊறவைத்து உரித்திருக்கிறார்கள், பசைத் தடம் மட்டும் கண்ணாடியில் வெள்ளையாக நிற்கிறது. மூடிக்கு மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றி ரப்பர் பாண்டு. உள்ளே சிவந்த பழுப்பு நிறத்தில் திரவம். வரிசையில் நின்ற அம்மா கண்டாங்கி கட்டியிருந்தார். நான் தமிழில் பேசியதும் முதலில் முகம் மலர்ந்தது, என்ன கேட்கிறேன் என்று புரிந்ததும் சுருங்கிவிட்டது. "ஏப்பா, நா பிராந்தியாப்பா கொண்டு வருவேன்? நன்னாரிப்பா, எங்க தோட்டத்து நன்னாரி, பனங்கற்கண்டு போட்டுக் காய்ச்சினது!" எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் விளக்கெண்ணெயும் தேனும் அப்படிப்பட்ட பாட்டிலில்தான் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்த பாட்டிலை நம் பக்கத்தில் யார் தூக்கிப் போடுகிறார்கள்? குர்க்கா மூடியைத் திறந்து முகர்ந்தார். மணம் பெல்ட்டைத் தாண்டி வந்தது. அவருக்கும் அது சரக்கு இல்லை என்று தெரிந்துவிட்டது. இருந்தும் தலையை ஆட்டினார்.

அவர் ஆட்டியது சரி என்பதுதான் நான் சொல்ல வருவது. அவர் பார்ப்பது மூடியை. தொழிற்சாலையில் அடைத்து, சீல் உடையாமல், உள்ளே என்ன என்று வெளியே அச்சடித்திருந்தால் அது பானம். வீட்டில் காய்ச்சி வீட்டில் ஊற்றினால், எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், அவர் கண்ணுக்கு அது பெயர் தெரியாத திரவம். நமக்கு நேர் எதிர்: ஆச்சி காய்ச்சியதை நம்புவோம், கடையில் வாங்கியதைச் சந்தேகப்படுவோம். இந்த இரண்டு நம்பிக்கையும் சந்திக்கும் இடம் அந்த ஸ்கேனர் மேசை. அன்றைக்கு நான் செய்ய முடிந்தது, சீட்டு எழுதிக் கூடையில் வைத்து, கடைசி நாள் காலையில் அந்த அம்மா கையில் பத்திரமாகக் கொடுத்தது. எல்லாக் கப்பலிலும் அப்படித் திருப்பித் தருவார்கள் என்று எண்ணாதீர்கள், மேற்பார்வையாளரைப் பொறுத்தது. அதனால் நன்னாரி வேண்டுமென்றால் சீல் வைத்த கடை சர்பத்தைச் சின்ன பாட்டிலில் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் காய்ந்த வேரையே பொட்டலத்தில் கொண்டு போய்க் கப்பல் தண்ணீரில் ஊற வையுங்கள். ஆச்சிக்கு மனசு ஆறாதுதான், ஆனால் பாட்டில் போகாது.

போகிறபோக்கில் ஒன்று. காசிச் செம்பை, கங்கை நீர் ஊற்றி ஈயம் வைத்து அடைத்த அந்தச் சின்னச் செம்பை, பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலில் அபிஷேகத்துக்குக் கொடுக்க எடுத்துப் போகும் வழக்கம் சில குடும்பங்களில் உண்டு. சீல் இருக்கிறதே என்று வாதாட முடியாது. உலோகத்துக்குள் என்ன இருக்கிறது என்று ஸ்கேனருக்குத் தெரியாது, பிரித்துக் காட்டினால் சடங்குக்கு ஆகாது. வேண்டாம்.

கப்பலுக்கு முந்தைய இரண்டு வாசலையும் சொல்லிவிடுகிறேன். விமானத்தில் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் போகாது, சர்பத்துக்கும் அதே கதி. எனவே பானமெல்லாம் திருச்சியில் பெரிய பெட்டிக்குள், சிங்கப்பூரில் இறங்கி விடுதியில் பிரித்து, கப்பல் ஏறும் நாளில் கைப்பைக்கு மாற்ற வேண்டும். விமானத்துக்கும் கப்பலுக்கும் நேர் தலைகீழ். இதில்தான் பாதிப் பேர் தவறுகிறார்கள். சிங்கப்பூர் சுங்கத்தில், 18 வயது ஆனவர், 48 மணி நேரத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வந்தவர், மலேசியாவிலிருந்து வராதவர் என்றால் மொத்தம் இரண்டு லிட்டர் மது வரியில்லாமல் கொண்டு வரலாம். அதில் விஸ்கி வகை ஒரு லிட்டருக்கு மேல் கூடாது. பினாங்கில் வாங்கிக்கொண்டு சிங்கப்பூரில் இறங்கலாம் என்று அம்மான் திட்டம் போட்டால் மலேசியா பற்றிய இந்த விதியைக் காட்டுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பானத்தோடு சேர்ந்ததுதான்: பாதாம்பால் பொடி. நம் வீடுகளில் அதில் கசகசா சேர்த்து அரைப்பது வழக்கம். சிங்கப்பூரில் கசகசாவுக்குத் தடை. போதைப்பொருள் கணக்கில் வைத்திருக்கிறார்கள். குருமாப் பொடியிலும் இருக்கும். "கொஞ்சம்தானே" என்ற பேச்சு அங்கே எடுபடாது. கசகசா தொட்ட எந்தப் பொடியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

சரி, அப்பத்தா. டிகாக்ஷனை ஊரிலிருந்தே எடுத்துப் போக நினைக்காதீர்கள். வாசல் தாண்டாது, தாண்டினாலும் இரண்டாம் நாள் புளித்துவிடும். கப்பலில்தான் இறக்க வேண்டும், அதற்கு வழி இருக்கிறது. கெட்டில், தண்ணீர் சூடாக்கும் கம்பி, மின் அடுப்பு, காபி இயந்திரம் எதுவும் ஏற்ற விட மாட்டார்கள். இதில் கெஞ்சிப் பயன் இல்லை, கப்பலில் இருப்பவர்களுக்கு நெருப்பைவிடப் பெரிய பயம் கிடையாது. 2006 மார்ச்சில் ஸ்டார் பிரின்சஸ் என்ற கப்பல் கரீபியன் கடலில் போய்க்கொண்டிருந்தபோது பால்கனியில் பிடித்த தீ வரிசையாக அறைகளைத் தின்றது. அணைக்காமல் எறிந்த சிகரெட்டாக இருக்கலாம் என்றுதான் விசாரணையில் வந்தது. ஒரு சிகரெட்டே அப்படி என்றால், அறையில் மறந்து வைத்த தண்ணீர்க் கம்பி என்ன செய்யும் என்று யோசியுங்கள்.

ஆனால் நம் பில்டருக்கு மின்சாரம் எதற்கு? எவர்சில்வர் பில்டர், அளவாகப் பொடி, சுடுதண்ணீர். முதல் இரண்டும் உங்களிடம், மூன்றாவது கப்பலில் இலவசம். பொடியைக் கடையில் வாங்கிய சீல் உடையாத பாக்கெட்டாக எடுங்கள். காரைக்குடியில் அரைத்துத் தரும் கடையில் பழுப்புக் காகிதப் பையில் வாங்கியதை அப்படியே கொண்டு போகாதீர்கள், பெயர் அச்சடித்த பாக்கெட்டில் வெப்பச் சீல் போட்டுத் தரச் சொல்லுங்கள். பில்டரை வெறுமையாக, இரண்டு பாகமாகப் பிரித்து வையுங்கள். பொடியை அதற்குள் அடைத்து மூடிக் கொண்டுபோனால் ஸ்கேனரில் கறுப்பாக ஓர் உருளை தெரியும், வரிசை அங்கேயே நின்றுவிடும். பிரித்து வைத்தால் சமையல் பாத்திரம் என்று பார்த்தவுடன் தெரியும்.

கப்பல் தண்ணீர் பற்றி அப்பத்தாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கடல்நீரைக் காய்ச்சியோ சவ்வு வழியாக வடித்தோ எடுப்பதும், துறைமுகத்தில் ஏற்றுவதும் கலந்ததுதான் குழாயில் வரும். அமெரிக்கத் துறைமுகங்களுக்குப் போகும் கப்பல்களுக்கு அந்த நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் விதி உண்டு: தண்ணீரை ஏற்றும்போது லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின், கடைசிக் குழாயிலும் 0.2க்குக் குறையக் கூடாது. பெரிய கம்பெனிகள் மற்ற கடல்களிலும் இதே ஒழுங்கைத்தான் பின்பற்றும். குடிக்க நல்ல தண்ணீர், ஆனால் உப்பு பெரும்பாலும் நீங்கிய தண்ணீர், ருசி வழுவழுப்பாக இருக்கும். ஊரணித் தண்ணீரில் காப்பி குடித்து வளர்ந்த நாக்கு முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடும். என் அப்பத்தாவுக்கு நான் ஒருமுறை கப்பலிலிருந்து பாட்டிலில் அந்தத் தண்ணீரைக் கொண்டு வந்து காட்டினேன். "என்னடா இது, கழுவின தண்ணிய மறுபடி கழுவின மாதிரி இருக்கு" என்றார். அதைவிடச் சரியாக நானும் சொன்னதில்லை.

இன்னொன்று, பஃபேயில் சுடுதண்ணீர்க் குழாயில் வருவது கொதிநீர் இல்லை. கொதி அடங்கிய தண்ணீரில் டிகாக்ஷன் நீர்த்துப் போகும். அதற்கு நான் செய்த வழி: பில்டரை முதலில் வெறும் சுடுதண்ணீரால் ஒருமுறை கழுவிச் சூடேற்ற வேண்டும். வழக்கத்தைவிட அரைப் பங்கு பொடி கூட, கொஞ்சம் அழுத்தி, தண்ணீரை இரண்டு தவணையாக ஊற்ற வேண்டும். இராத்திரி படுக்கும் முன் இறக்கி வைத்தால் காலையில் கெட்டியாக இருக்கும். பால் பஃபேயில் உண்டு, சூடாகக் கேட்டால் தருவார்கள். குழாயில் உங்கள் பாத்திரத்தையோ பிளாஸ்கையோ நேராக வைத்துப் பிடிக்காதீர்கள். வயிற்றுப்போக்குக் கிருமி கப்பலில் ஒருவரிடமிருந்து நூறு பேருக்குப் பரவும் என்பதால் அதைத் தடுப்பார்கள். கோப்பையில் பிடித்து ஊற்றுங்கள், அல்லது பணியாளரிடம் கேளுங்கள்.

சுக்குமல்லிப் பொடி, கஷாயப் பொடி இவற்றுக்கும் அதே சீல் பாக்கெட் கணக்கு. அப்பத்தா தூங்கும்போது மூச்சுக் கருவி வைப்பவர் என்றால் அதற்கான காய்ச்சி வடித்த நீரைப் பற்றிக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிவிடுங்கள்.

பானப் பொதி, அதாவது ஒரே தொகையை முன்கூட்டிக் கட்டிவிட்டுப் பயணம் முழுக்கக் குடிக்கும் 'டிரிங்க் பேக்கேஜ்', வாங்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ராயல் கரீபியனில் ஓர் அறையில் ஒரு பெரியவர் மதுவோடு கூடிய பொதி வாங்கினால், அதே அறையில் உள்ள குடிக்கும் வயதுக்காரர்கள் எல்லாரும் வாங்க வேண்டும். அம்மானும் அயித்தையும் ஒரே அறை, அயித்தை வைன் வாசனைக்கே முகம் சுளிப்பவர் என்றால் இரண்டு பொதிக்குக் காசு போகும். மேலே 18 சதவீதம் சேவைக் கட்டணம் வேறு. குடிக்காதவருக்கு மது இல்லாத பொதியாக மாற்றித் தரச் சொல்லித் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன், மறுத்ததையும் பார்த்திருக்கிறேன். என்னைக் கேட்டால் நான்கு இரவுக்குப் பொதியே வேண்டாம். தண்ணீர், சாதாரண காபி, தேநீர், எலுமிச்சைச் சாறு, காலையில் பழச்சாறு எல்லாம் டிக்கெட்டிலேயே அடக்கம். அம்மான் மட்டும் வேண்டும்போது தனியாக வாங்கிக் குடிக்கட்டும், விலையைப் பார்த்து அளவும் தானாகக் குறையும்.

பினாங்கில் இறங்கும்போது கப்பல் உணவு எதையும் பையில் எடுத்துப் போகாதீர்கள். சீல் வைத்த தண்ணீர் பாட்டில் போதும். 1857இல் நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலுக்குப் போவீர்கள்தானே, கோயிலுக்கு வெளியே ஜாதிக்காய்ச் சாறு கிடைத்தால் அங்கேயே குடித்துவிடுங்கள். பன்னிரண்டு பாட்டில் சலுகை ஏறும் நாளுக்குத்தான். நடுவில் வாங்கியதை விடுவது அந்த நேரத்து அதிகாரியின் கையில் இருக்கிறது. துறைமுகத்தில் வாங்கிய மதுவைச் சீட்டுப் போட்டு வாங்கி வைத்துக் கடைசி நாளில் அறைக்கு அனுப்புவார்கள்.

எங்கள் ஐயா அந்தக் காலத்தில் நாகப்பட்டினத்தில் ரஜூலா என்ற கப்பல் ஏறிப் பினாங்கு போனவர். டெக்கில் பாய் விரித்துப் படுக்கும் டிக்கெட். ஒரு தகர டின்னில் முறுக்கு, ஒரு ஜாடி மாவடு, பித்தளைக் கூஜாவில் ஊரணித் தண்ணீர். கூஜா இரண்டாம் நாளே காலி, பிறகு கப்பல் தண்ணீர்தான் என்று ஆயா சொல்வார். அந்தக் கூஜாவை யாரும் திறந்து முகர்ந்து பார்த்ததாகச் சொன்னதில்லை.

கடைசியாக, ஏஜெண்டிடம் அவர் சொன்னதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால் எனக்கும் காட்டுங்கள், ஆச்சரியப்படுகிறேன். அப்புறம் அப்பத்தா நாலரைக்கு எழுந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறீர்கள். பஃபே அந்நேரம் திறந்திருக்காது. ஏறிய அன்றே, இராத்திரியும் திறந்திருக்கும் காபிக் கடை எந்தத் தளத்தில் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலுக்கும் தண்ணீருக்கும் அங்கே போகலாம். டபரா டம்ளரை ஊரிலிருந்தே எடுத்துப் போங்கள், அங்கே கிடைப்பது கைப்பிடி வைத்த கோப்பைதான். ஆற்றிக் குடிக்க முடியாது.